கடைசி எட்டு வாரம்: ராஸ்பெரி இலையா, ரூயிபோஸா, விளக்கெண்ணெயா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் என் தங்கை வீட்டுச் சமையலறை மேசையின்மேல் அன்று நான்கு பொருட்கள் இருந்தன. மருந்துக் கடைப் பையிலிருந்து எடுத்து வைத்த ராஸ்பெரி இலைத் தேநீர்ப் பெட்டி. அடியில் பிசுபிசுப்போடு ஒரு விளக்கெண்ணெய்ப் புட்டி. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம். எப்போதும் அங்கேயே இருக்கிற ரூயிபோஸ் தேநீர் டப்பா. தங்கை மகளுக்கு இது தலைப்பிரசவம். முப்பத்தொரு வாரம் முடிந்திருந்தது. “பெரியம்மா, ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நான் எதைக் குடிக்கட்டும்?” என்றாள்.

பெட்டி அவளோடு வேலை செய்யும் பெண் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெண் கடைசி இரண்டு மாதம் அதைக் குடித்தாளாம், பிரசவம் சுலபமாக முடிந்ததாம். எண்ணெய் மாமியார் அனுப்பியது. அவருடைய ஆயா காலத்திலிருந்து அந்த வீட்டில் பிரசவ நாள் தள்ளினால் வலி வரவைக்க அதைக் குடிப்பதுதான் வழி. நான் மருத்துவர் இல்லை. முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள், இரண்டு பிள்ளை பெற்றவள். ஆனாலும் அந்தக் கேள்விக்கு “உன் விருப்பம்” என்று பதில் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு வாரம் தேடிப் படித்தேன், கிளினிக்கில் கேட்டேன். அவளுக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. டர்பனில் நம்மவர்கள் ‘ஹெர்ப்ஸ்’ என்றால் கீரையைச் சொல்கிறோம். சந்தையில் பச்சை ஹெர்ப்ஸ், சிவப்பு ஹெர்ப்ஸ் என்று கேட்டு வாங்கிக் கடைந்து சாப்பிட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால் பெட்டியில் ‘ஹெர்பல்’ என்று அச்சடித்திருந்தால், அதுவும் கீரையைப் போல உடம்புக்கு நல்லதுதான் என்று நம் மனம் எளிதில் நம்பிவிடுகிறது. மூலிகை வேறு, கீரை வேறு. உடம்பில் ஏதோ ஒன்றைச் செய்யும் என்பதற்காகத்தான் மூலிகையைக் குடிக்கிறோம். செய்யும் என்று நம்பிக் குடிக்கிற பொருளிடம், வேறு என்னென்ன செய்யும் என்றும் கேட்டாக வேண்டும்.

ராஸ்பெரி குளிர்நாட்டுச் செடி. இலையின் மேல்பக்கம் பச்சை. அடிப்பக்கம் சாம்பல் பூசியதுபோல் வெளிறிய மெல்லிய பூனைமுடி. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு பையைப் பிரித்துத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். காய்ந்த வைக்கோல் வாசனை. பழத்தின் மணம் துளியும் இல்லை. கொதிநீரில் ஏழெட்டு நிமிடம் மூடி வைத்தால் சாயத் தேநீரைப் போன்ற நிறம் வருகிறது. நாக்கில் முதலில் படுவது துவர்ப்பு. வாழைப்பூவை ஆய்ந்த கை கறுத்துப்போகுமே, கடுக்காய் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்த இனத்தைச் சேர்ந்த துவர்ப்புதான். அதற்குக் காரணம் இலையிலுள்ள டானின் என்ற பொருள். நல்லதும் கெட்டதுமாக இந்த இலை செய்வதில் பெரும்பகுதியை அந்த ஒரு சொல்லைக்கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

பிரசவத்துக்கு இது உதவுமா என்பதுதான் பெரிய கேள்வி. ஐரோப்பாவில் மருத்துவச்சிகள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1941-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இலைச்சாற்றில் கர்ப்பப்பைத் தசையைத் தளர்த்தும் பொருள் ஒன்று இருப்பதாக எழுதினார்கள். பின்னால் வந்த சோதனைகள் சிலவற்றில் அதே சாறு தசையைச் சுருங்கவும் வைத்தது. சோதனைக் குழாயில் இருக்கும் தசைத் துண்டும் பிள்ளையைச் சுமக்கும் கர்ப்பப்பையும் ஒன்றல்ல என்பதால், மனிதர்களிடம் செய்து பார்த்த ஆய்வைத் தேடினேன். அப்படி ஒழுங்காகச் செய்யப்பட்டவை மிகக் குறைவு. அவற்றுள் முக்கியமானது 2001-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு. சிக்கல் எதுவும் இல்லாத, தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த 192 பெண்கள். பாதிப் பேருக்கு 32-ஆவது வாரத்திலிருந்து நாளொன்றுக்கு 2.4 கிராம் இலை மாத்திரை. மற்றவர்களுக்கு அதைப் போன்ற வெறும் மாத்திரை.

முடிவு என்ன? வலி தொடங்கிக் கர்ப்பப்பை வாய் முழுவதும் திறக்கும் வரையான முதல் கட்டம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. தலைப்பிரசவத்தில் பெண்ணை வாட்டி எடுப்பது அந்தக் கட்டம்தான். முக்கித் தள்ளும் இரண்டாம் கட்டம் சராசரியாகப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியது. ஆயுதம் போட்டு எடுக்க வேண்டி வந்தவர்கள் இலை உண்டவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேர், மற்றவர்களில் முப்பது பேர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 192 பேரை மட்டும் வைத்து இதை உறுதி என்று சொல்ல முடியாது, தற்செயலாகவும் அமையலாம். தாய்க்கோ பிள்ளைக்கோ கேடு ஒன்றும் அதில் தென்படவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அவர்கள் விழுங்கியது அளந்த மாத்திரை. நாம் ஊறவைத்துக் குடிக்கிற கோப்பையில் எவ்வளவு இறங்குகிறது என்பது தண்ணீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் பொறுத்தது.

ஆகவே அந்தப் பெண் சொன்ன ‘சுலபமான பிரசவம்’ பொய்யில்லை. அது இலையால் வந்தது என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. கிடைக்கக்கூடிய பலன், நன்றாகவே நடந்தாலும், கடைசியில் ஒரு பத்து நிமிடம். இதைத் தராசின் ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுதட்டில் என்ன இருக்கிறது? ஐரோப்பிய மருந்து முகமை இந்த இலையை மாதவிலக்கு வலிக்கும், வாய், தொண்டைப் புண்ணுக்கும், இலேசான பேதிக்கும் மரபுவழி மருந்தாக ஏற்றிருக்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் குடிப்பதை அது பரிந்துரைக்கவில்லை. பாதுகாப்பானது என்று காட்டப் போதிய தகவல் இல்லை என்கிறது. கர்ப்பத்துக்கென்றே உலகெங்கும் விற்கப்படும் ஒரு பொருளைப் பற்றி மருந்துத் துறை அப்படிச் சொல்வதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009-இல் வந்த எலி ஆய்வொன்றில், சினையாக இருக்கும்போது இலை கொடுக்கப்பட்ட எலிகளுக்குச் சினைக்காலம் நீண்டது. அவற்றின் பெண் குட்டிகள் முன்கூட்டியே பருவமடைந்தன. எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் மூன்று மாதத்தில் இதைத் தொடவே கூடாது என்று மருத்துவச்சிகள் சொல்வதை மதிக்க அதுவே எனக்குப் போதும்.

எங்கள் வீட்டுக்கு மிக நெருக்கமான சங்கதி சர்க்கரை. 2016-இல் ஒரு மருத்துவ இதழில், கர்ப்பகாலச் சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வந்தது. அவர் 32-ஆவது வாரத்தில் யாரையும் கேட்காமல் இந்தத் தேநீரைத் தொடங்கினார். சர்க்கரை தாழ்ந்துபோய், இன்சுலின் அளவையே குறைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஒருவரின் கதைதான். ஆனால் தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை இல்லாத வீடு எது? என் அம்மாவுக்கு இருந்தது, தங்கைக்கு இருக்கிறது. தங்கை மகளுக்கும் 28-ஆவது வாரப் பரிசோதனையில் சற்றுக் கூடுதலாகத்தான் வந்தது. சோற்றைக் குறை, நட என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பெட்டியை அவளுக்கு வாங்கிக் கொடுத்த பெண்ணுக்கு இது தெரியாது. அவள் பெற்ற அனுபவம் அவளுடைய உடம்புக்கு உரியது.

இதோடு, முன்பு வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், இரத்தக் கசிவு கண்டவர்கள், குறைமாதத்தில் பிள்ளை பெற்றவர்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இதன் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வில் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவே இல்லை. ஆகவே அதன் ‘கேடு இல்லை’ என்ற முடிவு இவர்களுக்குப் பொருந்தாது.

இப்போது ரூயிபோஸ். இந்த மண்ணின் செடி. மேற்குக் கேப்பில் செடர்பெர்க் மலைப்பக்கம், கிளான்வில்லியம் சுற்றுவட்டாரத்தில் விளைவது. 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்கே காப்புரிமை போன்ற பாதுகாப்பு வழங்கியது. பிரசவத்தைச் சுலபமாக்கும் என்று அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை, நானும் சொல்ல மாட்டேன். அதன் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. காஃபின் கிடையாது; ராஸ்பெரி இலையிலும் கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ரூயிபோஸில் டானின் குறைவு, அதனால் துவர்ப்பும் குறைவு.

துவர்ப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இரும்புச் சத்து மாத்திரை. டானின் இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்கள், நம் பெண்கள் அதை எதோடு விழுங்குகிறார்கள்? காலைத் தேநீரோடு. 1979-இல் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் இளைஞர்களுக்கு இரும்பைக் கொடுத்து அளந்து பார்த்தார்கள். தண்ணீரோடு எடுத்தபோது உடம்பில் சேர்ந்தது நூற்றுக்கு 9.34 பங்கு. ரூயிபோஸோடு 7.25. சாதாரணத் தேயிலையோடு 1.70 மட்டுமே! ராஸ்பெரி இலையை அந்த ஆய்வில் சோதிக்கவில்லை. ஆனால் அதன் டானின் அளவைப் பார்த்தால் அது தேயிலையின் பக்கம் நிற்குமே தவிர ரூயிபோஸின் பக்கம் நிற்காது என்பது என் கணிப்பு. இரத்தசோகை உள்ள பெண் இந்த இலையைக் குடித்தாக வேண்டுமென்றால், மாத்திரைக்கும் கோப்பைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். என்னைக் கேட்டால், பிரசவத்தில் இரத்தம் போகும்போது கைகொடுப்பது உடம்பில் சேர்ந்த இரும்புதான். பத்து நிமிடக் கணக்கைவிட அது பெரியது.

ரூயிபோஸைக் குடிக்கும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பிறந்ததும் வயிற்றுவலிக்கு என்று அதைப் பால் புட்டியில் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இந்த நாட்டில் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறது. ஆறு மாதம்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் போதும்.

விளக்கெண்ணெயைப் பற்றி மாமியாரிடம் பேசுவது எளிதாக இல்லை. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிய ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நாள் முதல், கரும்புத் தோட்டக் குடியிருப்புகளில் பிள்ளைப்பேறு என்றால் மருத்துவச்சிப் பாட்டிதான். கையில் கிடைத்ததை வைத்து அவர்கள் உயிரைக் காத்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த எண்ணெய் வேலையும் செய்கிறது. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம் குடலை உதைப்பதுபோலவே கர்ப்பப்பையையும் உதைக்கிறது. ஆனால் அந்த உதையின் அளவு நம் கையில் இல்லை. ஓர் ஆய்வில் குடித்த பெண்கள் அத்தனை பேருக்கும் குமட்டல். அதற்கு மேல் பேதி, நீர்ச்சத்து இழப்பு. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வலி தாங்க வேண்டிய உடம்பைத் தொடக்கத்திலேயே வடித்துவிடுவது என்ன நியாயம்? நாள் தள்ளிப்போனால் மருத்துவமனையில் வலி வரவைக்கிறார்கள். அங்கே பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். சமையலறையில் அதைக் கேட்க யாருமில்லை. மேசையில் இருந்த நான்கில் நான் கறாராக வேண்டாம் என்று சொன்னது இதை மட்டும்தான். மாமியாரிடம், “அக்கா, இதைப் பிள்ளை பிறந்த பிறகு என் தங்கை மகளின் தலைக்குத் தேய்த்துவிடுங்கள்” என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்; பிறகு சம்மதித்தார்.

மேசைக்கு வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். டர்பன் வார்விக் சந்திப்பின் மூலிகைச் சந்தையில் இசிஹ்லம்பேசோ விற்கிறார்கள். சூலு பெண்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குடிக்கும் கஷாயம். பிரசவம் சுலபமாக, பிள்ளை நலமாக என்றுதான் அவர்களும் குடிக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் கலந்து வாழும் நம் பெண்கள் சிலரும் வாங்குகிறார்கள். சூலு பாட்டிகளின் அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் இது ஒரே மூலிகை இல்லை. கட்டுபவர் கையைப் பொறுத்துச் சேர்மானம் மாறும். அதில் சில வேர்கள் கர்ப்பப்பையை வலுவாகச் சுருக்குபவை. டர்பன் மருத்துவமனை ஒன்றில் 1990-களில் மருத்துவர்கள் செய்த ஆய்வில், இப்படிப்பட்ட கஷாயம் குடித்துவிட்டு வந்த தாய்மாரின் பிள்ளைகள் வயிற்றிலேயே மலம் கழித்துவிடுவது கூடுதலாக இருந்தது. பிள்ளை திணறுவதற்கு அது ஓர் அடையாளம். சந்தையில் விற்கும் கிழங்குகளில் இம்பிலா என்று ஒன்று உண்டு. சூலு மொழியில் அந்தப் பெயரே நலம் என்ற பொருளைத் தருவது. அந்தக் கிழங்கு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அழித்து ஆளையே கொன்றிருக்கிறது. இதோடு ஒப்பிட்டால் ராஸ்பெரி இலை சாது. அதில் ஒரே இலை, அளவு தெரிந்த பை.

பேரீச்சம்பழம் எனக்கே வியப்பாக இருந்தது. 2011-இல் வெளியான ஜோர்டான் ஆய்வில், கடைசி நான்கு வாரம் நாளுக்கு ஆறு பழம் தின்ற 69 பெண்களுக்கு வலி தானாகவே வந்தது கூடுதல். மருத்துவமனைக்கு வந்தபோது கர்ப்பப்பை வாயும் அதிகம் திறந்திருந்தது. யார் தின்பது, யார் தின்னாதது என்பதைச் சீட்டுப் போட்டுப் பிரிக்காத ஆய்வு, எனவே அதுவும் உறுதியில்லை. ஆனால் ராஸ்பெரி இலைக்கு இருக்கும் ஆதாரத்தைவிட அது மோசமில்லை. அதோடு அது உணவு, கர்ப்பிணிக்குப் பழக்கமானது. சர்க்கரை இல்லாத பெண்ணாக இருந்தால் நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். சீரகத் தண்ணீர், மசக்கைக்கு இஞ்சி, இவை சமையல் அளவில் இருக்கும்வரை தொல்லையில்லை. வெந்தயத்தை மட்டும் கரண்டி கரண்டியாக விழுங்க வேண்டாம். அதுவும் சர்க்கரையை இறக்கும்.

கர்ப்பம் இல்லாதவர்களுக்கு இந்த இலை எப்படி? மாதவிலக்கு வலிக்கு இதைக் குடிப்பதில் தவறில்லை. ஆனால் வயிற்றில் வைக்கும் சுடுதண்ணீர்ப் பையும் ஐபுப்ரோஃபென் மாத்திரையும் சோதித்துப் பார்த்து உறுதியானவை, இலைக்கு அந்த உறுதி இல்லை. பேதிக்கு, துவர்ப்பு வயிற்றைக் கட்டும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததே. அதற்கு நம் கொல்லைக் கொய்யா இலையே இருக்கிறதே, கடல் கடந்து வந்த பெட்டி எதற்கு? எதைக் குடித்தாலும் பேதியில் உயிர் காப்பது தண்ணீரும் உப்பும்தான்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இந்த நாட்டுக் கிளினிக்குகளில் சொல்லித்தரும் அளவு இது. தொண்டைக்குக் கொப்பளிப்பதில்தான் ராஸ்பெரி இலை எனக்குப் பிடித்துப்போனது. துவர்ப்பு வீங்கிய இடத்தைச் சுருக்கிப் பிடிக்கிறது. கொப்பளித்துத் துப்பிவிடுவதால் உள்ளே போகும் கவலையும் இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகும், சிக்கல் ஒன்றுமில்லாத பெண் ஒருத்தி கடைசி வாரங்களில் இதைக் குடிக்க விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். 32 வாரம் கழிந்த பிறகு, நாளுக்கு ஒரு கோப்பையில் தொடங்கி, வயிறு இறுகுகிறதா என்று கவனித்துக்கொண்டு, இரும்பு மாத்திரைக்கு விலகி. வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் படிக்க வேண்டும். முன்பக்கத்தில் ராஸ்பெரி படம் போட்ட பல தேநீர்களில் இலையே இருக்காது; செம்பருத்தியும் பழ வாசனையும்தான் இருக்கும். ‘ராஸ்பெரி இலை’ என்று சேர்மானத்தில் இருந்தால்தான் நாம் பேசும் பொருள். மாத்திரையாக விற்பதில், மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம் இதன் தரத்தையோ பாதுகாப்பையோ மதிப்பிடவில்லை என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரியை உண்மையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், குடிப்பதைக் கிளினிக் சிஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும். திட்டுவார்களோ என்று மறைக்கிறோம். 1994 முதல் கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவம் இலவசம்; வரிசையில் நின்று உள்ளே போனபிறகு இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் திரும்புவது வீண். நேரில் கூச்சமாக இருந்தால், 2014-இல் சுகாதாரத் துறை கர்ப்பிணிகளுக்காகத் தொடங்கிய மாம்கனெக்ட் என்ற சேவை வழியாகக் கைப்பேசியிலேயே கேட்கலாம்.

தங்கை மகள் 33-ஆவது வாரத்தில் பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். சிஸ்டர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பிறகு அன்றைய சர்க்கரை அளவைப் பார்த்தார். உணவுக் கட்டுப்பாடு போதவில்லை, மெட்ஃபார்மின் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். “மாத்திரை எவ்வளவு வேலை செய்கிறது என்று நாங்கள் அளக்க வேண்டும். நடுவில் இது வேண்டாம், அம்மா” என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பேரீச்சம்பழத்தையும் நாளுக்கு ஆறு என்று தின்ன வழியில்லாமல் போனது. இப்போது அவள் இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்குகிறாள். மாலையில் சர்க்கரை போடாத ரூயிபோஸ், இரண்டு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு. ராஸ்பெரி இலைப் பெட்டி என் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. இரண்டு பையை ஒரு கோப்பையில் ஊறப்போட்டு, ஆறியதும் கொப்பளிக்கிறேன்.